நெட்டமலையின் விபத்தில்லா நாட்கள்

நெட்டமலைத் தோட்டத்தில் விபத்து நடப்பதில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், பலகையே இருக்கிறது. காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில், பெக்டரி வாசலுக்கு நேரே, ஆளுயரத்துக்கு ஒரு பச்சைப் பலகை. 'எமது தோட்டத்தில் விபத்தில்லா நாட்கள்' என்று மூன்று மொழியிலும் எழுதி, கீழே மூன்று கொக்கி அடித்திருக்கிறார்கள். கொக்கிகளில் இலக்கம் எழுதிய தகரங்கள் தொங்கும். அக்கரப்பத்தனைக்கு பஸ்ஸில் போகிறவர்கள்கூட ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

நான் இந்தத் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர். தோட்டத்திலிருந்து வெளியே போகிற எந்தக் கடிதமும் என் விரல் படாமல் போனதில்லை. அதனால் இதையெல்லாம் நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை, தட்டச்சு செய்ததைச் சொல்கிறேன்.

உதாரணத்துக்கு, முந்நூற்றுப் பன்னிரண்டாம் நாள் வீரய்யாவின் இரண்டு விரல்கள் கொழுந்து உருட்டுகிற மெஷினுக்குள் போய்விட்டன. விசாரணைக் குழு இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்து ஆராய்ந்தது. விரல் போன நேரம் தேத்தண்ணி இடைவேளைக்கு மிக அருகில் இருந்ததால், வீரய்யா மனதளவில் இடைவேளையில்தான் இருந்திருக்கிறார் என்று முடிவு வந்தது. இடைவேளையில் நடப்பது வேலைத்தல விபத்து ஆகாது. மறுநாள் பலகையில் முந்நூற்றுப் பதின்மூன்று தொங்கியது.

அந்தத் தகரங்களை மாட்டுகிறவர் கஸ்பர். பெக்டரி ஸ்டோரில் தேயிலை மூட்டை தூக்குகிறவர். மூட்டை தூக்க அவருக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. தகரம் மாட்டுவதற்கு மட்டும் கொழும்பிலிருந்து ஒருவர் வந்து முழு நாளும் பயிற்சி கொடுத்தார். ஹெல்மெட்டைப் போட வேண்டும், கையுறை மாட்ட வேண்டும், ஏணியில் மூன்று படிக்கு மேல் ஏறக் கூடாது, பயிற்சி பெறாத எவரும் தகரத்தைத் தொடக் கூடாது. கடைசியில் ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். கஸ்பரின் மனைவி டெல்சி அதற்குச் சட்டம் போட்டு, தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பராவில் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டாள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எங்க வம்சத்திலயே பட்டம் வாங்குனது இவுக ஒருத்தருதான்" என்று சொல்லிச் சிரிப்பாள். கஸ்பருக்கு அதில் வெட்கமும் உண்டு, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இந்தப் பலகை ஐந்நூறைத் தொட்டால் தோட்டத்துக்கு ஒரு பச்சை முத்திரை கிடைக்கும். வெளிநாட்டுக்குப் போகிற தேயிலைப் பொட்டலத்தில் ஒட்டுகிற முத்திரை. இங்கே தொழிலாளிகளைப் பூப்போல வைத்திருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தமாம். ஐந்நூறாம் நாள் அதைக் கொடுப்பதற்கு வெளிநாட்டிலிருந்து ஒரு அம்மா வருவதாக ஏற்பாடு.

இனி குளவிக்கு வருகிறேன்.

ஏழாம் நம்பர் மலையில் ஒரு பெரிய மரம். அதில் பானை அளவுக்குக் குளவிக் கூடு கட்டியிருந்ததை முதலில் பார்த்தவள் அங்கே கொழுந்து பறிக்கிற டெல்சிதான். கங்காணியிடம் சொன்னாள். ஆபீஸ் வாசலில் இருந்த ஆலோசனைப் பெட்டியிலும் எழுதிப் போட்டாள். பெட்டி திறக்கப்பட்டது. தோட்டத்து வரலாற்றில் அதற்குள் கிடைத்த முதலாவது ஆலோசனை அது என்பதால் போட்டோ எடுத்தார்கள். பிறகு முத்திரைக்கான விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். பூச்சி, பறவை, விலங்கு எதுவானாலும் குஞ்சு பொரிக்கிற காலத்தில் தொந்தரவு செய்யக் கூடாது என்று அதில் தடித்த எழுத்தில் இருந்தது. கூட்டை எடுப்பதற்குப் பதிலாக மரத்தில் ஒரு அறிவித்தல் கட்டினார்கள். 'அமைதி. குளவிகள் குடும்பம் வளர்க்கும் காலம்.' ஆணி அடித்தால் குளவிக்கு அதிர்ச்சியாகும் என்று கயிற்றால் கட்டச் சொன்னார்கள். கட்டியவரும் கஸ்பர்தான். மரத்தடியில் கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு, சத்தமில்லாமல் பறிப்பது எப்படி என்று அரை மணி நேரம் வகுப்பு நடந்தது.

டெல்சி பெரட்டுக்களத்தில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "எனக்கு டிலுக்ஷி பொறந்தப்ப லீவுக்காக வயித்தத் தூக்கிக்கிட்டு எத்தன தரம் ஆபீசுக்கு ஏறி எறங்குனேன். இந்தக் குளவி ஒரு கடுதாசி எழுதுச்சா? கேக்காமயே குடுத்துட்டாங்க பாருங்கடி, புண்ணியம் செஞ்ச பெறப்பு!"

எல்லாரும் சிரித்தார்கள். ஜன்னலுக்குள் இருந்து நானும் சிரித்தேன்.

நானூற்றுத் தொண்ணூற்றோராம் நாள், புதன்கிழமை. முத்திரை விழாவுக்குப் படம் எடுக்கக் கொழும்பிலிருந்து ட்ரோன் கமராவோடு இரண்டு பேர் வந்திருந்தார்கள். பெண்கள் வரிசையாகக் கொழுந்து பறிப்பதை மேலிருந்து எடுத்தார்கள். அழகாகத்தான் இருந்ததாம். ட்ரோன் இன்னும் கொஞ்சம் கிட்டே போனது. மரக்கிளையில் மோதியது. கூடு இரண்டாகப் பிளந்தது.

ஒன்பது பெண்களைக் குளவி கொட்டியது. மற்றவர்கள் கூடையை எறிந்துவிட்டு ஓடினார்கள். டெல்சியும் ஓடியிருப்பாள். அவளுக்குப் பக்கத்து நிரையில் மீனம்மா நின்றாள், ஓய்வு பெற்ற பிறகும் நாள் வேலைக்கு வருகிற கிழவி. கால் மடங்கி விழுந்துவிட்டாள். டெல்சி தன் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து மீனம்மாவின் தலையில் போட்டு, அவள் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். மீனம்மாவுக்கு நாலு கொட்டு. டெல்சிக்கு எத்தனை என்று ஆஸ்பத்திரியில் எண்ணத் தொடங்கி, நூறுக்கு மேல் விட்டுவிட்டார்கள்.

ட்ரோனுக்கு இறக்கை ஒன்று உடைந்தது. அதற்கு மூன்று பக்கத்தில் சேத அறிக்கை தட்டச்சு செய்தேன். அதைப் பஞ்சில் சுற்றி, பெட்டியில் வைத்து, தோட்டத்தை நடத்துகிற தொரையின் ஜீப்பில் கொழும்புக்கு அனுப்பினார்கள். டெல்சியைக் கொழுந்து லொறியில் ஏற்றினார்கள்.

மறுநாள் காலை கஸ்பர் ஏணியில் ஏறி நானூற்றுத் தொண்ணூற்றிரண்டை மாட்டினார். மாட்டிவிட்டு நேரே ஆபீசுக்கு வந்தார்.

எங்கள் நலன்புரி அதிகாரி கஜதீபன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, நல்ல மனுசன், சத்தம் போட்டுப் பேச மாட்டார். மூன்று மாதத்துக்கு முன் ஊரில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. முத்திரை வேலை முடியட்டும் என்று இன்னும் போய்ப் பார்க்கவில்லை. போனில்தான் பார்க்கிறார்.

"இருங்கோ கஸ்பர்," என்றார். "கேள்விப்பட்டனான். எனக்குச் சரியான கவலை. என்ன செய்யவேணும் எண்டு சொல்லுங்கோ."

"லீவு வேணுங்க சேர். மீனம்மா அக்கா கூட நிக்கிறாங்க. ஆனா டெல்சி என்னையத்தான் கேக்குறாளாம். ஆஸ்பத்திரில பாக்க விடுறது பகல்லயும் அஞ்சு மணிக்கும் மட்டுந்தாங்க. வேல முடிஞ்சு பஸ்ஸ புடிச்சுப் போனா கேட்ட மூடிருவாங்க."

"அதுக்குத்தானே எங்களிட்ட குடும்பப் பராமரிப்பு விடுமுறை இருக்கு!" கஜதீபன் முகம் மலர்ந்து, பளபளவென்ற ஒரு படிவத்தை எடுத்தார். "இந்த மலைநாட்டிலேயே எங்கட தோட்டத்திலதான் இது முதல் முதலா வந்தது. காரணம் எழுதுங்கோ."

"குளவி கொட்டிருச்சுன்னு எழுதவா சேர்?"

கஜதீபன் பேனையைக் கீழே வைத்தார். "அங்கதான் ஒரு சிக்கல். குளவி எண்டு எழுதினா அது விபத்து. விபத்து எண்டா பலகையில பூச்சியம் போடவேணும். இன்னும் எட்டு நாள்தான் கிடக்கு. அது ஏலாது."

"அப்ப சுகமில்லன்னு எழுதவா?"

"சுகமில்லை எண்டா டொக்டரின்ர கடிதம் வேணும். டொக்டர் குளவி எண்டுதானே எழுதுவார்."

கஸ்பர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "சேர், அவள கொட்டுனது நெசங்க," என்றார்.

"எனக்கு விளங்குது கஸ்பர். உங்களுக்கு விளங்குது. படிவத்துக்குத்தான் விளங்காது. குழுவில கதைக்கிறன். அதுவரைக்கும் காரணத்தை வெறுமையா விட்டு, மனுசியின்ர கையெழுத்தை வாங்கிக்கொண்டு வாங்கோ. பராமரிப்புத் தேவைப்படுறவ தனக்குப் பராமரிப்புத் தேவை எண்டு ஒப்புக்கொள்ளவேணும். அது அவவின்ர உரிமை."

லீவு இல்லாமல் போய்விட்டால் என்ன என்று கேட்பீர்கள். விழா முடியும்வரை எல்லா லீவும் ரத்து, சொல்லாமல் நிற்பவரின் பேர் வேலைப் பதிவிலிருந்து வெட்டப்படும் என்று அறிவித்தல் ஒட்டியிருந்தது. பேர் வெட்டினால் காம்பராவும் போகும். அந்த அறிவித்தலையும் நான்தான் தட்டச்சு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கஸ்பர் தகரத்தை மாட்டிவிட்டு முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே நடந்ததைப் பிறகு மீனம்மா அழுதழுது எனக்குச் சொன்னாள்.

டெல்சிக்கு இரண்டு கண்ணும் திறக்க முடியவில்லை. முகம் இன்னாருடையது என்று சொல்ல முடியாதபடி வீங்கியிருந்தது. கஸ்பர் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். காலடிச் சத்தத்தை வைத்தே அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"வந்துட்டீகளா? நம்பர மாட்டிட்டுத்தான வந்தீக?"

"மாட்டிட்டேன் புள்ள. நானூத்தித் தொண்ணூத்தஞ்சு."

"பாத்தீகளா, நான் இங்க கெடக்கேன், அங்க விபத்தே நடக்கல," என்றாள். சிரிக்கப் பார்த்தாள். உதடு வலித்தது.

கஸ்பர் படிவத்தை எடுத்துக் கையெழுத்துக் கேட்டார். அவள் எட்டாம் வகுப்புப் படித்தவள், எழுத்து முத்துமுத்தாக இருக்கும். அன்றைக்கு விரல்கள் மடங்கவில்லை. பேனை மூன்று தரம் விழுந்தது. கடைசியில் மீனம்மாதான் அவள் பெருவிரலில் மை தடவிக் கடதாசியில் அழுத்தினாள்.

"லீவு கெடச்சதும் வாங்க," என்றாள் டெல்சி. "ரெண்டே ரெண்டு நாளு. ஒங்க கையப் புடிச்சுக்கிட்டுக் கெடந்தா இந்த வலியத் தாங்கிருவேன். ஆனா லீவு இல்லாம ஓடியாந்து காம்பராவ விட்டுறாதீக. டிலுக்ஷிக்கு அது வேணும்."

திங்கட்கிழமை குழு கூடியது. படிவத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். பதிவேட்டில் டெல்சி கையெழுத்துப் போடுகிறவள், இதில் இருப்பதோ கைநாட்டு. இது டெல்சிதான் என்பதற்கு என்ன அத்தாட்சி? தொழிலாளியின் உரிமையை வேறு யாரும் களவாடிவிடக் கூடாது. எனவே அவள் அடையாள அட்டையோடு ஆபீசுக்கு நேரில் வந்து, தனக்கு எழுந்து நடக்க முடியவில்லை என்பதை உறுதிப்படுத்த வேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று.

"அவ எந்திரிச்சு வரக்கூடியவளா இருந்தா எனக்கு லீவு எதுக்குங்க?" என்று கஸ்பர் கேட்டார்.

குழு அதை மிக நல்ல கேள்வி என்று பாராட்டி, அடுத்த கூட்டத்துக்குக் குறித்துக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை காரணம் கண்டுபிடிக்கப்பட்டது. டெல்சிக்கு நடந்தது விபத்தும் இல்லை, நோயும் இல்லை. 'இயற்கையோடு ஏற்பட்ட எதிர்பாராத சந்திப்பு.' இந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவர் தொரையே. எல்லாரும் கை தட்டினார்கள். சந்திப்புக்கு லீவு கொடுக்கிற பிரிவு எங்கள் படிவத்தில் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

புதன்கிழமை பயிற்சிப் பட்டறை. தலைப்பு 'குடும்ப விடுமுறை: உங்கள் உரிமை'. காலை எட்டு முதல் மாலை நாலரை வரை, அனைவரும் கட்டாயம் சமுகமளிக்க வேண்டும், யாருக்கும் விடுமுறை இல்லை. கஸ்பரை முன்வரிசையில் உட்கார்த்தினார்கள். அவருக்குத்தான் இது மிகவும் பயன்படும் என்று கஜதீபன் உண்மையாகவே நம்பினார். பகல், ஆஸ்பத்திரி வாசல் திறக்கிற நேரத்தில், கஸ்பரை எழுப்பி ஒரு வாசகத்தை உரக்கப் படிக்கச் சொன்னார்கள். "நோயுற்ற குடும்பத்தவரின் அருகில் இருப்பது ஒவ்வொரு தொழிலாளியின் உரிமையாகும்." கஸ்பர் படித்தார். கடைசிச் சொல்லுக்கு வரும்போது குரல் போய்விட்டது. உணர்ச்சிபூர்வமாகப் படித்தார் என்று அவருக்கு ஒரு தொப்பி பரிசு கொடுத்தார்கள்.

வியாழக்கிழமை பகல் மீனம்மா என் போனுக்கு எடுத்தாள். பாதுகாப்புக் காரணத்துக்காக பெக்டரிக்குள் போன் கொண்டுபோகத் தடை என்பதால், என் நம்பரைத்தான் கொடுத்து வைத்திருந்தோம். "கிளாக்கரய்யா, கிட்னி ரெண்டும் வேல செய்யலையாம். வேற வார்டுக்கு மாத்திட்டாங்க. அவ கதவு சத்தம் கேக்கும்போதெல்லாம் அவுகளான்னு கேக்குறா. இப்பவே அனுப்பிவிடுங்கய்யா. ஒங்க காலப் புடிச்சுக் கேக்குறேன்."

நான் கஸ்பரைக் கூட்டிக்கொண்டு தொரையிடம் போனேன். தொரை எழுந்து வந்து கஸ்பரின் தோளில் கை வைத்தார்.

"கஸ்பர், நாம எல்லாரும் ஒரே குடும்பம். ஒன் கஷ்டம் என் கஷ்டம். நாளைக்குக் காலைல ஒரு ஒம்பது மணி மட்டும் பொறு. அந்தம்மா வருவாங்க, நீ ஐந்நூற மாட்டுவ, ஒரு போட்டோ, அவ்வளவுதான். அந்தத் தகரத்தத் தொடுறதுக்குப் பயிற்சி எடுத்தவன் தோட்டத்திலயே நீ ஒருத்தன்தானே. வேற யாராவது மாட்டினா விதி மீறலாயிடும். நாளை மத்தியானத்திலேருந்து ஒரு கிழமை லீவு. ஒன் குடும்பத்துக்காக இத நான் செய்றேன். எனக்காக நீ இத செய்ய மாட்டியா?"

கஸ்பர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

கொக்கியில் தகரம் மாட்ட எனக்கும் தெரியும். பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். 'தொரை, நான் மாட்டுகிறேன், அவர் போகட்டும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் லீவுக் கடிதத்தைத் தட்டச்சு செய்யப் போனேன். இப்போது இவ்வளவு வாய் கிழியப் பேசுகிறேனே, அன்றைக்கு எங்கே போனது இந்த வாய்? அதை நினைத்தால் என் மேலேயே எனக்குக் காறித் துப்ப வருகிறது.

வெள்ளிக்கிழமை. தோரணம், மேளம், வெற்றிலைத் தட்டு. வெளிநாட்டு அம்மா கழுத்தில் மாலையோடு நின்றார். தொரை பேசினார். "எங்களுக்குத் தேயிலை இரண்டாவது. மனிதர்தான் முதலாவது. ஒரு தொழிலாளியின் வீட்டில் விளக்கு அணைந்தால் இந்தத் தோட்டமே இருண்டு போகும்." கஜதீபன் வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொன்னார். கஸ்பர் ஹெல்மெட்டோடும் கையுறையோடும் மூன்றாம் படியில் நின்றார். பையில் லீவுக் கடிதம். ஐந்தை மாட்டினார். ஒரு பூச்சியத்தை மாட்டினார்.

அப்போது என் போன் அடித்தது. மீனம்மா அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அது போதுமாக இருந்தது.

மேளக்காரரைத் தாண்டி ஏணிக்குப் போனேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. பெயரை மட்டும் சொன்னேன் என்று நினைக்கிறேன். கஸ்பர் கையில் கடைசித் தகரத்தோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி, அதையும் ஒழுங்காக மாட்டினார். ஐந்நூறு. எல்லாரும் கை தட்டினார்கள், கமராக்கள் மின்னின.

கை தட்டல் அடங்குவதற்குள் அவர் ஐந்தைக் கழற்றினார். இறங்கி வந்து அதைத் தொரையின் கையில் கொடுத்தார். திரும்பவும் ஏறி நடுப் பூச்சியத்தைக் கழற்றினார். அதைக் கஜதீபனின் கையில் கொடுத்தார். பலகையில் ஒரே ஒரு பூச்சியம் மிச்சமாகத் தொங்கியது.

"விபத்து நடந்திருச்சுங்க சேர்," என்றார். "டெல்சி போயிட்டா."

வெளிநாட்டு அம்மா, இவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். கஜதீபன் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. தொரைக்கு வந்தது. ஐந்நூறைத் தொட்டதும் தலைக்கனம் வரக் கூடாது என்று மறுபடி பூச்சியத்திலிருந்து ஆரம்பிப்பது எங்கள் தோட்டத்து வழக்கம் என்று ஆங்கிலத்தில் விளக்கினார். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு பணிவை எந்த நாட்டிலும் பார்த்ததில்லை என்று சொல்லி, குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். முத்திரை கிடைத்துவிட்டது.

கஸ்பர் ஹெல்மெட்டையும் கையுறையையும் ஏணிப் படியில் வைத்துவிட்டு பஸ் ரோட்டுக்கு இறங்கினார்.

பிற்பகல் எனக்கு ஒரு கடிதம் தட்டச்சு செய்ய வந்தது. பராமரிக்கப்பட வேண்டியவர் தற்போது இல்லாத காரணத்தால், கஸ்பருக்கு அனுமதிக்கப்பட்ட குடும்பப் பராமரிப்பு விடுமுறை செல்லுபடியாகாது. தட்டச்சு செய்தேன். கஜதீபன் கையொப்பமிட மறுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பிள்ளையைப் பார்க்க ஊருக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு அடுத்த கிழமையே ஆள் வந்தது.

சனிக்கிழமை அடக்கம். அன்று விடிந்ததும் ஆபீசைத் திறக்க வந்த நான் திகைத்துப் போனேன். கஸ்பர் வெள்ளைச் சட்டையோடு ஏணியில் நின்றார். பூச்சியத்தைக் கழற்றி ஒன்றை மாட்டினார்.

"இன்னைக்குமா கஸ்பர்?" என்று கேட்டேன்.

"அவ போயி இன்னையோட ஒண்ணுங்க கிளாக்கரய்யா," என்றார். இறங்கி, ஏணியைச் சாத்திவிட்டு, டெல்சியை அடக்கம் செய்யப் போனார்.

அதன் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. முப்பதாம் நாள் பூசைக்குக்கூட லீவு கேட்கவில்லை. தகரத்தை மாட்டிவிட்டு, பெரட்டுக்கு முன்னரே கோயிலுக்குப் போய்வந்தார். நாற்பத்தாறாம் நாள் ஒரு பெண் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்து கால் உடைந்தது. குழு கூடி அதை 'நிலத்தோடு ஏற்பட்ட சந்திப்பு' என்று எழுதியது. பலகையில் நாற்பத்தேழு ஏறியது. அதையும் கஸ்பர் ஒழுங்காகவே மாட்டினார்.

பெரட்டுக்கு வருகிற பெண்கள் இப்போது பலகையைப் பார்த்து ஒரு நிமிசம் தலை குனிந்துவிட்டுத்தான் வரிசையில் நிற்கிறார்கள். மீனம்மா சிலுவை போட்டுக்கொள்வாள். பாதுகாப்பில் எங்கள் ஆட்களுக்கு எவ்வளவு பக்தி என்று தொரை விருந்தாளிகளுக்குக் காட்டுகிறார். மாத அறிக்கையில் அந்த இலக்கத்தை நான் தட்டச்சு செய்கிறேன். நான் எழுதுகிறவற்றில் அது ஒன்றுதான் பொய் இல்லாதது.

இன்றைக்கு நூற்றுப் பன்னிரண்டு. காலையில் தொரை ஜீப்பை நிறுத்தி, ஏணியில் நின்ற கஸ்பரைப் பார்த்து, "சபாஷ் கஸ்பர்! இப்படியே போனா மறுபடி ஐந்நூறு வந்திடும், என்ன?" என்றார்.

கஸ்பர் தகரம் ஆடாமல் கையால் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"வருங்க தொரை. தெனமும் ஒண்ணு கூடிக்கிட்டுத்தாங்க இருக்கு."